கஞ்சியைத் தின்ற பம்ப்

முப்பத்து நான்கு வருஷம் நான் பம்ப் தேர்வு செய்து கொடுத்திருக்கிறேன். பால், வெல்லப்பாகு, தார், சாயம் என்று எத்தனையோ திரவங்கள். கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் தப்பாகிப்போன பம்ப் அதில் ஒன்றே ஒன்றுதான். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. கேட்டலாக்கைப் படிப்பதும் குழாயின் உராய்வைக் கணக்கிடுவதும் உங்களுக்கு வகுப்பிலேயே வந்துவிடும். நான் சொல்லப்போவது சங்கரன்கோவிலில் ஒரு சைசிங் மில்லில் நடந்தது.

தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலுக்கு, அதாவது துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு, கஞ்சி போட வேண்டும். கஞ்சி ஏறாத நூல் விசைத்தறியின் அடியைத் தாங்காது, பஞ்சாகப் பிரிந்து அறும். அந்தக் கஞ்சி போடுகிற இடம்தான் சைசிங் மில். ஓர் அறையில் பெரிய கொப்பரையில் மக்காச்சோள மாவைக் கரைத்து நீராவி விட்டுக் காய்ச்சுவார்கள். அங்கிருந்து ஒரு பம்ப் அதைக் குழாய் வழியே அடுத்த கூடத்திலுள்ள பெட்டிக்குத் தள்ளும். ஆயிரக்கணக்கான இழைகள் விரித்த பாயைப் போல அந்தப் பெட்டியில் முங்கி, பிழிபட்டு, காய்ந்து, மறுமுனையில் பெரிய உருளையில் சுற்றிக்கொள்ளும். அந்த உருளையைத் தறிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

மில் முதலாளி பீர் முகம்மது, கடையநல்லூர்க்காரர். பதினெட்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து இந்த மில்லை எடுத்து நடத்தினார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் இருந்த பழைய பம்ப் தண்ணீர் இறைக்கிற வகை. கஞ்சி கொஞ்சம் இறுகினாலும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும், பெட்டிக்கு ஒன்றும் வந்து சேராது. "கெட்டிக் கஞ்சியத் தள்ளுத மாதிரி ஒண்ணு குடுங்க மேடம்" என்றார்.

கெட்டியான திரவம் என்றாலே நமக்குப் பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் பம்ப்தான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து எடுத்துத் தள்ளுவது. நான் ஒரு கியர் பம்ப்பைத் தேர்ந்தெடுத்தேன். சின்ன உடம்பு. மோட்டாரோடு நேராக இணைத்து நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்றுக்கு மேல் ஓடும். மணிக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று பாயைக் கேட்டேன். அவர் சொன்ன அளவிலேயே ஒரு கை கூடுதலாக இருந்திருக்கிறது. அதன் மேல் நான் பாதுகாப்புக்கு ஒரு பங்கு சேர்த்தேன். கோயம்புத்தூரில் என் மேலாளர், கேட்டலாக்கில் அடுத்த அளவே இருக்கட்டும் என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். மூன்று பேரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். மிஞ்சுகிற கஞ்சி கொப்பரைக்கே திரும்பிப் போக ஒரு குழாயும் வைத்தேன்.

பம்ப்பை ஓட்டிக் காட்டிய அன்று வாளியும் கடிகாரமும் வைத்து அளந்தோம். கணக்குப் போட்ட அளவு அப்படியே வந்தது. பாய் மதியம் பிரியாணி வரவழைத்தார். நான் நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்துப் பாயிடமிருந்து போன். பம்ப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

"உங்க பம்ப் ராசா மாதிரி ஓடுது மேடம். இங்கன வேற பிரச்சினை. எங்க பாவ ஏத்துன தறியில எல்லாம் இழை அறுது. கஞ்சி காய்ச்சுத பொம்பள சரியில்ல. மாத்தப் போறேன். புது ஆளுக்குச் சூடு பாக்க நல்ல மீட்டர் ஒண்ணு வேணும். நீங்க எதுவும் சொல்லுதியளா?"

நான் ஒரு மீட்டரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்திருந்தேன். பெயர் கோமதி. மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஒன்பது வருஷமாகக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்று பாயே அன்று பெருமையாகச் சொன்னார். ஒன்பது வருஷம் சரியாகக் காய்ச்சிய கைக்கு இந்த மூன்று வாரத்தில் என்ன வந்துவிடும்? அந்த மில்லில் மூன்று வாரத்துக்கு முன்னால் புதிதாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். என்னை யாரும் குறை சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. போகாமல் இருந்திருந்தால் என் மீது ஒரு சொல் வந்திருக்காது. உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். அன்று உங்கள் மனசு ஒப்புகிறதா என்று பாருங்கள்.

மறுநாள் காலையிலேயே மில்லுக்குப் போய்விட்டேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. ஏழெட்டுத் தறிக்காரர்கள் நின்றார்கள். முன்னால் நின்றவர் சண்முகவேல் அண்ணாச்சி. பன்னிரண்டு தறி வைத்திருப்பவர், மற்றவர்களுக்காகவும் அவர்தான் பேசுவார். கை நிறைய அறுந்த நூலை வைத்திருந்தார்.

"பாய், இத பாரும்வே. ஒரு சேலை எறங்குததுக்குள்ள நாப்பது தடவ அறுது. ஆடித்தபசுத் திருநாளுக்குச் சரக்குக் குடுக்கணும். தறிய ஓட்டுதமா, முடிச்சுப் போட்டுக்கிட்டே கெடக்கமான்னு தெரியல."

"அண்ணாச்சி, ஆள மாத்துதேன்னு சொல்லிட்டம்லா?" என்றார் பாய்.

கோமதி கொப்பரை அறையின் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

நான் அவளிடம் போய், "கஞ்சி எப்படி இருக்கு, கோமதி?" என்று கேட்டேன்.

"எங்கிட்டயா கேக்கிய?"

"உன்கிட்டதான்."

"நான் காய்ச்சி எறக்கும்போது நல்லாத்தான் இருக்கு மேடம். ரெண்டு வெரல்ல தொட்டுப் பிரிச்சா நூலு மாதிரி நீளுது. அங்கன பெட்டியில போயித் தொட்டா வெறும் வெந்நித் தண்ணியா நிக்கி. முதலாளிகிட்ட சொன்னேன். கொப்பரையில கெட்டியா இருந்தது பெட்டியில எப்பிடிட்டி தண்ணியாவும், பம்ப்பு கஞ்சியத் தின்னுதாக்கும்னு சிரிக்காவ."

சுற்றி நின்ற ஒன்றிரண்டு பேர் இப்போதும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருக்க வழி உண்டு என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

என் பையில் எப்போதும் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அடியில் ஒரு துளை. துளையை விரலால் அடைத்துத் திரவத்தை நிரப்பி, விரலை எடுத்து, வடிந்து முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. கெட்டி என்றால் நேரம் கூடும். அப்போதுதான் காய்ச்சி இறக்கியிருந்த கொப்பரையிலிருந்து கஞ்சி எடுத்து வடியவிட்டேன். இருபத்தொரு விநாடி. பெட்டியில் கிடந்த முந்தின கொப்பரைக் கஞ்சியை எடுத்தேன். பன்னிரண்டு விநாடி. வெறும் தண்ணீருக்கே எட்டு ஒன்பது ஆகும்.

பாய் எட்டிப் பார்த்தார். "பெட்டிக்குப் போறதுக்குள்ள நேரமாவுதுல்லா? தன்னால எளகியிருக்கும்."

அதையும் பார்த்துவிடுவோம் என்று கொப்பரையிலிருந்து ஒரு வாளிக் கஞ்சியை எடுத்து, சூடு ஆறாமல் கொதிநீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பம்ப்புக்குள் போகாத அந்தக் கஞ்சி இருபது விநாடியில் வடிந்தது. இரண்டு மணி நேரத்தில் அது இளகவே இல்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். காய்ச்சிய மாவின் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதி நிற்பதால்தான் கஞ்சிக்குக் கெட்டி வருகிறது. வேகமாகச் சுற்றும் பற்களுக்கு நடுவே நசுக்கினால் துகள்கள் உடையும், கஞ்சி நீர்த்துவிடும். ஒரு முறை போய்வந்தால் தாங்கியிருக்கும். ஆனால் நாங்கள் மூன்று பேர் சேர்த்த கூடுதல் அளவு இருக்கிறதே, அது பெட்டிக்குத் தேவைப்படாமல் திரும்பும் குழாய் வழியே கொப்பரைக்குப் போய், மறுபடி பம்ப்புக்குள் வந்து, மறுபடி நசுங்கி, நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதுகாப்பு என்று நான் சேர்த்த பங்குதான் கஞ்சியை அரைத்துக் கொன்றது. பம்ப்பின் அளவு, அழுத்தம், மோட்டார் எல்லாம் சரி. அது தள்ளுகிற பொருளுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை.

வெளியே வந்தேன். தறிக்காரர்கள் இன்னும் நின்றிருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. பாயைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லலாம். அல்லது கோமதியைக் குறை சொன்ன இடத்திலேயே சொல்லலாம்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்றேன். "கஞ்சியில தப்பு இல்ல. கோமதி சரியாத்தான் காய்ச்சுது. நான் குடுத்த பம்ப்தான் கஞ்சியக் கெடுக்குது. தப்பு என்னோடது."

சண்முகவேல் அண்ணாச்சி கையிலிருந்த நூலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாய்தான் முதலில் வாய் திறந்தார்.

"மேடம், நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"அதனாலதான் சொன்னேன் பாய்."

கோமதி கொப்பரை அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் டீயோடு வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மேலாளரை அழைத்துச் சொன்னேன். அவர் பதறிப்போனார். "ஏனுங்க, மாவு ரகம் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமுங்களே? எதுக்கு நம்ம தலையில அள்ளிப் போட்டுக்கிட்டீங்க?" என்றார். அடுத்து நான் கேட்ட பம்ப்பைச் சொன்னதும் இன்னும் பதறினார். லோப் பம்ப். உள்ளே இரண்டு மடல்கள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றி, திரவத்தை நசுக்காமல் அள்ளிக் கொண்டுபோகும். அதிலும் கேட்டலாக் காட்டிய அளவைவிட மூன்று படி பெரிய உடம்பு கேட்டேன். நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்று மட்டும். வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு டிரைவ். கூடுதல் பங்கு கிடையாது, திரும்பும் குழாய் கிடையாது. பெட்டிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும்.

"லாரியை வாங்கி மாட்டுவண்டி வேகத்துல ஓட்டச் சொல்றீங்களா?" என்றார்.

"ஏத்தியிருக்கிற சரக்கு முட்டைன்னா அப்படித்தான் ஓட்டணும் சார்" என்றேன்.

கோபக்காரர், ஆனால் பொறியாளர். கொப்பரைக் கஞ்சிக்கும் பெட்டிக் கஞ்சிக்கும் எத்தனை விநாடி என்று மறுபடி கேட்டார். கடைசியில், "சரி, அனுப்பறேன். இதுவும் ஓடலைன்னா நானே அங்க வந்து நின்னு திட்டு வாங்கிக்கறேன்" என்றார்.

புதுப் பம்ப் வந்து சேர்ந்தபோது ஆடித்தபசுக்கு இருந்த நாள் குறைந்துபோயிருந்தது. இடைப்பட்ட நாட்களில் திரும்பும் குழாயை அடைத்து, கியர் பம்ப்பையே நிறுத்தி நிறுத்தி ஓட்டி ஒப்பேற்றினோம். பாதித் தறிகள் பாவு இல்லாமல் நின்றன. பம்ப்பை ஓட்டிப் பார்க்கிற நாளில் இருபது தறிக்காரர்களாவது மில்லுக்கு வந்திருப்பார்கள். பெண்களும் வந்திருந்தார்கள். திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்தது.

காலையில் கோமதி கஞ்சி காய்ச்சி இறக்கினாள். பம்ப்பை மெதுவாகத் திருகி ஓட்டினேன். குழாய் நிறைந்து பெட்டியில் முதல் கஞ்சி விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் பழுது என்றார்கள். மில்லின் ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும்தான் தாங்கும். கொப்பரை அறையிலிருந்து பெட்டி வரை பதினைந்து மீட்டர் குழாய். அது நிறையக் கஞ்சி. ஆறினால் உறைந்து களியாகிவிடும். குழாயின் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு ஒன்று வைக்கச் சொல்லியிருந்தேன். குழாய் வேலை செய்த பிட்டர் அதைப் பொருத்தவில்லை. முந்தின நாளே பார்த்தேன். நாளைக்குப் பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது என்னுடைய இரண்டாவது தவறு.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. பாய் சுவிட்சை நோக்கி விரைந்தார்.

"பாய், வேண்டாம்" என்றேன்.

"மேடம், கரண்ட் மறுபடி போறதுக்குள்ள ஓட்டிருவோம். கெட்டியத் தள்ளுத பம்ப்புதான இது?"

"அதனாலதான் வேண்டாம்ங்கிறேன்."

பாயிடம் முதலில் இருந்த தண்ணீர் பம்ப் என்றால் வழி அடைத்திருந்தால் சும்மா சுற்றும். இது அப்படி இல்லை. போக இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் தன் அளவைத் தள்ளியே தீரும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய் எது பலவீனமோ அது வெடிக்கும்.

பாய் விடவில்லை. "அதுக்குத்தான சேப்டி வால்வுன்னு ஒண்ணு வச்சிருக்கு? நீங்கதான சொன்னிய, அழுத்தம் கூடுனா அது தொறந்துக்கிடும்னு?"

நான் சொன்னதுதான். ஆனால் அந்த வால்வுக்குள்ளும் அதே கஞ்சிதானே போயிருக்கும்? அதுவும் இதே ஒன்றரை மணி நேரம் ஆறித்தானே கிடக்கிறது? திறக்குமா திறக்காதா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி இத்தனை பேரை வைத்துக்கொண்டு நான் சுவிட்சைப் போட விடமாட்டேன்.

கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன. "என்ன மேடம், இன்னைக்கும் இல்லயா?" "ஒங்க பம்ப்பால ஒரு மாசம் போச்சு, இன்னும் எத்தன நாளு?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது முறையும் எல்லோர் முன்னாலும் தோற்று நிற்கிறோமோ என்று இருந்தது. ஆனாலும் சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"பாய், நீங்க இதத் தொடணும்னா என்னைத் தள்ளிட்டுத்தான் தொடணும்."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அப்போது கோமதி வந்தாள். "யக்கா" என்றாள். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "குழாய்க்குள்ள கெடக்கிறத எளக்கணும், அம்புட்டுத்தான? பாய்லர்ல ஆவி இன்னும் கெடக்கு. குழாய் மேல ஈரச்சாக்கச் சுத்தி, சாக்குக்குள்ள ஆவிக் குழாயச் சொருகுனா சூடு பிடிச்சுக்கிடும். அடிப்பிடிச்ச கொப்பரையக் கழுவ நான் அப்பிடித்தான் செய்யுதேன்."

எனக்கு அவள் தோளைத் தட்ட வேண்டும் போல இருந்தது. "செய்வோம். ஆனா பெட்டிப் பக்கத்துக் கடைசி முனையிலேருந்து ஆரம்பிக்கணும்."

"ஏன், பம்ப்புப் பக்கமிருந்து வந்தா என்ன?"

"ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கும்போது நடுவுல சூடேத்தினா எளகுனது எங்க போகும்? உள்ளேயே பொங்கி அழுத்தும். வாயைத் திறந்து வச்சிட்டு வாய்ப் பக்கமிருந்து வந்தா எளக எளக வெளியே வந்துரும்."

அவள் ஒரு கணம் யோசித்து, "சரிதான், கஞ்சிச் சட்டிய இறுக்க மூடிக்கிட்டுத் தீய வைக்கப்படாது" என்றாள்.

பெட்டிப் பக்கக் குழாயைக் கழற்றி வாயைத் திறந்தோம். சாக்குகளை நனைத்துச் சுற்றினோம். ஆவிக் குழாயைக் கோமதி பிடித்தாள். அவளைத் தவிர யாருக்கும் அதைப் பிடிக்கத் தெரியாது. நான் சாக்கை நகர்த்தி நகர்த்திக் கட்டினேன். முதல் கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாயின் வாயில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. முழுக் கொழுக்கட்டை ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து வாளியில் தொப்பென்று விழுந்தது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அதன் பின் யாரும் சும்மா நிற்கவில்லை. ஒருவர் சாக்கு நனைத்தார். ஒருவர் வாளி மாற்றினார். சண்முகவேல் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெந்நீர் சுமந்தார். மீட்டர் மீட்டராகப் பம்ப் வரை வந்து சேர்ந்தோம்.

கடைசியாக அந்தச் சேப்டி வால்வைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் தெரியாத அளவுக்குக் கஞ்சி இறுகிக் கல் போல நின்றது. ஸ்குரூ டிரைவரை வைத்துக் குத்தினாலும் பெயரவில்லை. அதை அப்படியே கொண்டுபோய்ப் பாயின் கையில் வைத்தேன்.

அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப்புக்கு அடுத்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். அதற்கு நேரே இரண்டடி தள்ளித்தான் கோமதி நின்று கொப்பரையைக் கிண்டுகிற இடம்.

"அல்லா காப்பாத்துனான்" என்றார். "நான் சுவிட்சப் போட்டிருந்தா..."

குழாயை வெந்நீர் விட்டுக் கழுவி, வால்வைச் சுத்தம் செய்து மாட்டி, இந்த முறை வடிகால் வால்வையும் என் கண் முன்னால் பொருத்த வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனேன். கோமதி புதுக் கஞ்சி காய்ச்சினாள். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. பம்ப்பை நாற்பது சுற்றில் தொடங்கி மெதுவாக ஏற்றினேன். மோட்டாரின் மீட்டர் முள் துள்ளாமல் நின்றது. கியர் பம்ப்பின் இரைச்சல் இல்லை. பக்கத்தில் காதை வைத்தால்தான் ஓடுகிறது என்றே தெரியும். பெட்டியில் கஞ்சி நிறைந்தது. அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டேன்.

இனிமேல்தான் பரீட்சை. கிண்ணத்தை எடுத்துக் கோமதியிடம் கொடுத்தேன்.

"நானா?"

"உன் கஞ்சிதான? நீயே பாரு."

அவள் பெட்டியில் முக்கி எடுத்து, அடியை விரலால் அடைத்து, கையை உயர்த்திப் பிடித்தாள். சண்முகவேல் அண்ணாச்சி தன் போனில் விநாடி பார்த்தார். அவள் விரலை எடுத்தாள். கஞ்சி கம்பியாக இறங்கியது.

"ஒண்ணு" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு. மூணு." நான்கைந்து எண்ணுக்குள் பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பத்து வரும்போது கூடமே எண்ணியது. பதினொன்று. பன்னிரண்டு. கியர் பம்ப்பில் நின்றுபோன அந்த எண்ணைத் தாண்டியபோது நானும் சேர்ந்து கத்தினேன். பதினெட்டு. பத்தொன்பது. கம்பி இன்னும் அறவில்லை. இருபது என்று எல்லோரும் கத்தினார்கள். இருபத்தொன்று என்கிற சொல் முடிகிறபோது கம்பி சொட்டாக உடைந்தது.

அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். யாரோ விசில் அடித்தார்கள். கோமதி கிண்ணத்தைப் பிடித்த கையை இறக்காமலே நின்றாள். மற்றக் கையின் இரண்டு விரலால் கஞ்சியைத் தொட்டுப் பிரித்துப் பார்த்தாள். நூல் போல நீண்டது. அதைப் பாயின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இப்பம் சொல்லுங்க முதலாளி. கஞ்சி சரியில்லயா?"

பாய் எல்லோர் முன்னாலும், "என் மேலதான் தப்பு, தாயி. ஒன்ன நம்பாமப் போயிட்டேன்" என்றார். இருபது தறிக்காரர்கள் கேட்க ஒரு முதலாளி அதைச் சொல்வது லேசில்லை. அன்று முதல் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

மாலைக்குள் முதல் உருளை இறங்கியது. சண்முகவேல் அண்ணாச்சி அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் அன்று ஊர் திரும்பவில்லை. மறுநாள் காலை லாட்ஜில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை. தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தடதடவென்று ஒரே சீராக, நிற்காமல் ஓடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவர் குரல் வந்தது.

"கேட்டியளா மேடம்? நேத்து ராத்திரி ஏழு மணிக்கு ஏத்துனது. இன்னும் ஒரு முடிச்சுப் போடல."

ஆடித்தபசுக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தது. மேலாளருக்கு நான் ஒன்றும் எழுதவில்லை, அந்தத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். அவர் திருப்பி அனுப்பியது ஒரே வரி: "பெரிய உடம்பு, மெதுவான ஓட்டம். ஒத்துக்கறேன்." அந்த வருஷத்திலிருந்து கஞ்சி, கூழ், தயிர் என்று அடி தாங்காத எந்தத் திரவம் வந்தாலும் நம் அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று கூடுதல் பங்கு சேர்க்கும் வழக்கம் நின்றுபோனது. கூடுதலை ஒரே ஒருவர்தான் சேர்க்க வேண்டும், எதற்காகச் சேர்த்தார் என்று எழுதியும் வைக்க வேண்டும்.

ஊர் திரும்பும் முன் மில்லுக்குப் போய்ப் பம்ப் ஒப்படைத்த படிவத்தை நிரப்பினேன். உங்களிடமும் அதே படிவம்தான் இருக்கிறது. அதில் இயக்கப் பொறுப்பாளர் என்று ஓர் இடம் உண்டு. சாதாரணமாக முதலாளியின் பெயரையோ மேற்பார்வையாளரின் பெயரையோ எழுதிவிட்டு வந்துவிடுவோம். நான் கோமதியைக் கூப்பிட்டேன். பம்ப்பின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கஞ்சியின் பதம் பார்த்து வேகம் வைக்க அந்த மில்லில் அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

"உன் பேரத்தான் போடப் போறேன். பதவி என்னன்னு எழுத?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "கஞ்சி காய்ச்சுதவன்னு போடுங்க. அதுக்கு மேல என்ன வேணும்?"

அப்படியே எழுதினேன். அவள் பேனாவை வாங்கி, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாய் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"மேடம், எம் பேரும் ஒரு ஓரமாப் போடுங்க" என்றார். "அவ பேருக்குக் கீழ."